இடறலுக்குப் பின் நான்கு வரிகள்

சுழல்படியில் பாதி ஏறி மூச்சு வாங்க நின்றபோதுதான், வந்திருக்கவே கூடாது என்று ஜெசிந்தாவுக்குப் பட்டது. வீட்டில் புடவை கட்டும்போதே பட்டிருக்கலாம், அடையாறு பாலத்தில் ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்து வந்தபோதாவது பட்டிருக்கலாம். அப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு கிடந்த புத்தி, முழங்கால் கெஞ்சுகிற நேரம் பார்த்துத்தான் பேச ஆரம்பிக்கிறது. மேலே மெர்லின் ஏறிக்கொண்டிருந்தாள். புதுச் செருப்பின் குதிகால் இரும்பில் டங் டங்கென்று இடித்தது. ஒரு பழைய வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி மூன்று மாடிக்குச் சுற்றிச் சுற்றிப் போகிற படி. கைப்பிடி இடுப்புக்குக்கூட வரவில்லை. "ஏட்டி, பாத்துப் போ" என்று இவள் கீழிருந்து கத்தினாள். தூத்துக்குடியை விட்டு வந்து முப்பது வருஷமாகிறது, பயம் வந்தால் மட்டும் அந்த ஊர் வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "இன்னும் ஒரு சுத்துதாம்மா, வா" என்றாள் மெர்லின். ஐம்பதாவது பிறந்தநாள் பரிசாம் இது. புடவை வேண்டாம், மோதிரம் வேண்டாம், உனக்குப் பிடிச்ச ஆளையே உன் கண் முன்னாடி உக்கார வெச்சுப் பாட வைக்கிறேன் பாரு என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உனக்குப் பிடிச்ச ஆள்! நிருபமாவை அம்மாவுக்குப் பிடிக்கும் என்று இந்தப் பெண் எதை வைத்து முடிவு கட்டினாள்? டிவியில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் அம்மா கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். ஏன் நிற்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பாளாக்கும். பத்தொன்பது வருஷமாகச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் புறப்பட்டிருக்கிறாள். பாட்டு முடிந்து கீழே இறங்கியதும் மெர்லினின் கையைப் பிடித்து, ஊரே உருகுகிற அந்த இடம் நிருபமாவுடையதில்லை, என்னுடையது என்று சொல்லிவிடுவது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல மூன்று மாடி ஏற வேண்டியிருக்கிறது.

மேலே போனதும் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கைபேசியைக் கேட்டார்கள். கேட்டது பருத்தி ஜிப்பா போட்ட, தாடியை எண்ணெய் தடவி வளர்த்திருந்த ஒருவன். ஒரு துணிப்பையில் கைபேசியைப் போட்டு நாடாவை இழுத்துக் கட்டி மரவில்லையில் எண் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் சாமான் வாங்கி வைப்பதுபோல இருந்தது. உள்ளே கூடம் பெரிய வீட்டு முன்னறை அளவுக்குத்தான். முன்னால் தரையில் மெத்தை, பின்னால் பிரம்பு நாற்காலி, ஒரு ஓரத்தில் மண் குவளையில் எலுமிச்சைப்புல் டீ. எல்லாம் சேர்த்து அறுபது பேர். மேடை என்று எதுவும் கிடையாது. ஒரு ஜமுக்காளம், அதன்மேல் ஒரு முக்காலி, ஒரு கிதார்க்காரன். தாடிக்காரன் நடுவில் வந்து நின்று ரகசியம் சொல்கிற குரலில் விதிகளைச் சொன்னான். பாட்டு நடுவில் எழக்கூடாது, பேசக்கூடாது, கையும் தட்டக்கூடாது. பிடித்திருந்தால் விரலைச் சொடுக்க வேண்டும். கைதட்டினால் பாட்டின் காற்று கலைந்துவிடுமாம். கேட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காத ஸ்டுடியோ அறையில் பத்து வருஷம் பாடியவள் அவள். கையாவது விரலாவது, அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஓகே, அடுத்தது" என்று ஒரு குரல் வரும், அதோடு சரி. மெர்லின் மூன்றாவது வரிசையில் இடம் பிடித்துவிட்டுக் கை காட்டினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. தாடைக்கு அடியில் அந்தத் தழும்பு, சிரிக்கும்போது மட்டும் வெளுத்து ஒரு கோடாக நீளுவது, நாலு நாற்காலி தள்ளியிருந்தும் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

நிருபமா வந்தாள். பின்கதவைத் திறந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்கு வந்தவள்போல, வெறுங்காலோடு. டிவியில் பார்ப்பதைவிடக் குள்ளம். காதோரம் நரையை மறைக்காமல் விட்டிருந்தாள், அதுவும் அழகாகத்தான் இருந்தது, சிலருக்கு எது செய்தாலும் அழகாக அமைந்துவிடுகிறது. முதல் பாட்டை மைக் இல்லாமலே பாடினாள். மெர்லின் அம்மாவின் விரலுக்குள் விரலைக் கோத்துக்கொண்டாள். நல்ல குரல், இல்லையென்று யார் சொன்னது, சுருதி பிசகாத குரல். அதைச் சொல்லாவிட்டால் ஜெசிந்தாவின் காது அவளையே காறித் துப்பும். ஆனால் காதுக்கு நியாயம் தெரிந்தால் மனசுக்குத் தெரிந்தாக வேண்டுமா என்ன. இதே குரல் ஒருநாள் ஸ்டுடியோ நடைவழியில், தண்ணீர்க் கேன் பக்கத்தில், இவளை நிறுத்திப் பேசியது. "நீங்கதான அந்தப் பாட்டுக்கு ட்ராக்? அந்த 'யார்' கிட்ட ஒண்ணு வருதே, அது எப்படிங்க பண்ணீங்க?" ட்ராக் பாடுவது என்றால் வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. மெட்டு தயாரானதும் பெரிய பாடகி வருவதற்கு முன்னால் யாரோ ஒருத்தி அதை முழுசாகப் பாடி வைக்க வேண்டும். பெரிய பாடகி வந்து, ஹெட்ஃபோனில் அதைக் கேட்டுக் கேட்டு, வரி வரியாகப் பிடித்துக்கொண்டு பாடுவாள். அவள் பாடி முடித்ததும் முதல் குரலை அழித்துவிடுவார்கள். சத்தியமாக அழித்துவிடுவார்கள், ஒரு பொத்தான்தான். அப்படி அழிவதற்கென்றே பாடுகிற குரல் ஜெசிந்தாவுடையது. அன்றைக்கு அந்த நடைவழியில் நிருபமா கேட்டதற்கு இவள் என்ன சொன்னாள்? "தப்பு மேடம், பிசிறு அது. மன்னிச்சுக்குங்க, நீங்க சரியாப் பாடிருங்க" என்றாள். இந்த வாயால்தான் சொன்னாள். நிருபமா சிரித்தாள். "மியூசிக் டைரக்டர் சார் விட மாட்டேங்கிறாரு, அதேதான் வேணுங்கிறாரு" என்றாள். அதற்கு மேல் என்ன பேச்சு. தன் பொருளைக் குப்பை என்று தானே சொல்லிக் கொடுத்துவிட்டு, எடுத்துக்கொண்டு போனவள்மேல் கோபப்பட்டால் யார் கேட்பார்கள்.

'மூடாத ஜன்னலில் யார் பேரைச் சொல்வேன்.' இதுதான் வரி. 'யார்' என்று நீண்டு இறங்குகிற இடத்தில், மூச்சு எதிலோ மோதினதுபோல் அரை நொடி நிற்கும், நின்று, பிறகு 'பேரை' என்று வரும். அந்த அரை நொடிக்குத்தான் அவ்வளவு பேர். பாட்டுப் போட்டிகளில் நடுவர்கள், எல்லாம் சரி, அந்த இடறல் வரலையே என்று மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். அதை எப்படிப் பாடுவது என்று சொல்லித்தர ஒருவன் பத்து நிமிஷம் வீடியோ போட்டிருக்கிறான், வயிற்றை எக்க வேண்டுமாம், நாக்கை மடிக்க வேண்டுமாம். வயிறுமில்லை நாக்குமில்லை. அன்றைக்கு மெர்லினுக்கு மூன்று வயது. வீட்டுக்காரர் அருளப்பனுக்குக் காலை ஷிஃப்ட், பக்கத்து வீட்டில் பூட்டு, பிள்ளையை விட ஆளில்லை. தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சவுண்ட் எஞ்சினியர் சிராஜ் பாய் நல்ல மனுஷன், ஒன்றும் சொல்லவில்லை, தூங்குகிற பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த சோபாவில் படுக்க வைத்துத் தன் சட்டையை எடுத்துப் போர்த்தினார். ஏசி அவ்வளவு குளிர். ஜெசிந்தா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பாடும் அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டாள். காதில் ஹெட்ஃபோன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிராஜ் பாயின் முகம் இவளைப் பார்த்து, சோபா அவர் முதுகைப் பார்த்து. பல்லவி போயிற்று, சரணம் ஆரம்பித்தது. பிள்ளை புரண்டது. 'மூடாத ஜன்னலில்.' இன்னொரு தரம் புரண்டு சோபாவின் விளிம்புக்கு வந்தது. 'யார்.' அங்கேதான். அரை நொடி. அதற்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் நினைக்க வேண்டாம் என்று ஜெசிந்தா கண்ணைத் திறந்துகொண்டாள். கூடத்தில் எல்லாரும் விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுக்கூரையில் தூறல் விழுகிற மாதிரிச் சத்தம். முதல் பாட்டு முடிந்துவிட்டிருந்தது.

இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. எதையும் அவள் கேட்கவில்லை. கேட்டதாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்க வேண்டிய நாட்களை மனசு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது. அருளப்பனிடம் அந்த வாரமே சொன்னாள். பேப்பரை மடிக்காமலே, "தப்புன்னு நீதான சொல்லிட்டு வந்த, அப்புறம் என்ன" என்றார். நியாயந்தான், அந்த மனுஷன் எப்போதும் நியாயம்தான் பேசுவார், அதனால்தான் அவரிடம் எதையும் சொல்ல முடிவதில்லை. வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது. ட்ராக் பாடுகிறவள் வாயைத் திறந்து இந்தப் பாட்டு என்னைப் பார்த்துப் பாடியது என்று சொன்னால் மறுநாளிலிருந்து போன் வராது. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் கோடம்பாக்கத்தில் அது எல்லாருக்கும் தெரியும். அதற்கப்புறம், பாட்டு ஊரெல்லாம் பரவி இரண்டு வருஷம் கழித்து, வேறொரு ஸ்டுடியோவில் ஒரு ட்ராக் பாடும்போது, எப்படியோ, கேட்காமலே, அந்த இடறல் மறுபடி வந்தது. பாட்டை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சின்னப் பையன் குரல்: "மேடம், நிருபமாவ காப்பி பண்ணாதீங்க, நேராப் பாடுங்க." சரி சார் என்றாள். நேராகப் பாடினாள். அன்றிலிருந்து நேராகத்தான் பாடுகிறாள். ராத்திரி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அந்த வரியை நூறு தரம் பாடி, நூறு தரமும் நேராகப் பாடி, அந்த இடறலைத் தொண்டையிலிருந்து களை பிடுங்குவதுபோலப் பிடுங்கிப் போட்டாள். பிறகு மெர்லின் ஏழாம் வகுப்பில் அதே பாட்டைப் பாடிக் கோப்பை வாங்கி வந்தாளே, அன்றைக்காவது. கோப்பையை ஷோகேஸில் வைத்துவிட்டு, "அந்த எடம் வந்துச்சாம்மா, கரெக்டா வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே சுற்றினாள். வந்தது, நல்லா வந்தது என்றாள் ஜெசிந்தா. வருஷம் ஏற ஏற உண்மை பொய்போலக் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. முப்பது வயதில் சொல்லியிருந்தால் பெருமை, நாற்பதில் சொன்னால் வருத்தம், ஐம்பதில் சொன்னால் பொறாமைக்காரக் கிழவி என்பார்கள். சாட்சிக்கும் ஆளில்லை. சிராஜ் பாய் கொரோனாவில் போய்விட்டார்.

"இப்ப அந்தப் பாட்டு" என்றாள் நிருபமா. கூடம் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போனது. மெர்லின் இவள் கையை நசுக்கினாள். "பாடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எல்லாரும் கேப்பீங்க, அந்த 'யார்'க்கு அப்புறம் வர்றது எப்படி வந்துச்சுன்னு. நான் யோசிச்சுப் பண்ணல. அன்னைக்குக் காலையில எங்கப்பாவ ஆஸ்பத்திரியில சேத்துட்டு நேரா ஸ்டுடியோ வந்தேன். கண்ண மூடிப் பாடுறேன், அப்பா முகம் வருது. தொண்ட தானா நின்னுருச்சு. சார் சொன்னாரு, 'இதத் தொடாதம்மா'ன்னு. ஒரே டேக்." ஒரே டேக்கா! பதினாலு டேக். சிராஜ் பாய் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார், "உன்னோட அந்த விக்கலப் புடிக்க அந்தப் பொண்ணு பதினாலு டேக் வாங்குச்சும்மா, சாயங்காலம் ஆயிருச்சு." எழுந்து நின்று பதினாலு என்று கத்த வேண்டும்போல ஜெசிந்தாவுக்கு வந்தது. திருடி என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் நிருபமாவின் கண் நிஜமாகவே நனைந்திருந்தது. அப்பாவைச் சேர்த்தது உண்மையாக இருக்கலாம். மேடைக்கு மேடை சொல்லிச் சொல்லி, அப்பாவும் அந்த அரை நொடியும் ஒன்றாக ஒட்டிப்போயிருக்கலாம். பொய் என்று தெரிந்து சொல்கிறவளைப் பிடித்துவிடலாம், நம்பிச் சொல்கிறவளை என்ன செய்வது. பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். மெர்லின் அழுதுகொண்டிருந்தாள். நிருபமாவின் அப்பாவுக்காக. விழுந்தவள் இவள், அழுவது அந்த ஆளுக்காக.

பாட்டு வந்தது, இடறல் வந்தது, போனது. அதோடு விட்டிருந்தால் ஜெசிந்தா எப்படியாவது தப்பித்திருப்பாள். நிருபமா மைக்கைக் கையில் எடுத்தாள். "சின்ன எடம், குடும்பம் மாதிரி இருக்கோம். இந்த ஒரு வரிய மட்டும் ஒவ்வொருத்தரா பாடுங்க. எல்லாருக்கும் மைக் வரும். வெக்கப்படக் கூடாது." மெத்தையில் இருந்த முதல் ஆளிடம் மைக் போனது. கிதார்க்காரன் மெல்ல மீட்டிக்கொண்டிருந்தான். முதல் ஆள் பாடினான், தும்மல்போல ஒன்று வந்தது, எல்லாரும் சிரித்துச் சொடுக்கினார்கள். அடுத்தது ஒரு பெண், விக்கல். அடுத்தது கண்ணாடி போட்ட பெரியவர், இடறலே இல்லாமல் கணீரென்று பாடிவிட்டு, அய்யோ மறந்துட்டேன் என்றார். மைக் நாற்காலி நாற்காலியாக வந்தது. வரட்டும், வந்தால் பாடிவிடுவோம் என்றது ஒரு மனசு. பேச வேண்டாம், விளக்க வேண்டாம், அந்த இடத்தை அதே மாதிரிப் பாடினால் போதும், அறுபது பேருக்கும் புரியும், எல்லாருக்கும் முன்னால் இவளுக்குப் புரியும், முக்காலியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு. காது இருக்கிறது அவளுக்கு. இந்தக் குரலைத்தான் பதினாலு டேக் ஹெட்ஃபோனில் கேட்டிருக்கிறாள். அடையாளம் தெரியாமல் போகாது. அவளே எழுந்து வந்து, நீங்களா என்பாள். மெர்லின் திரும்பிப் பார்ப்பாள். அப்புறம் என்ன என்று மெர்லின் கேட்பாள். கேட்காமல் விடுகிற பிள்ளையா அவள். அன்னைக்கு என்னம்மா ஆச்சு, எதுக்குத் தொண்ட நின்னுச்சு, நான் உருண்டேனா, விழுந்தேனா, அப்புறம்? அந்த அப்புறத்தைத்தான் ஜெசிந்தா பத்தொன்பது வருஷமாக மூடி வைத்திருக்கிறாள். நிருபமா இல்லை, கோடம்பாக்கம் இல்லை, போன் வராது என்கிற பயமும் இல்லை. பிள்ளை விழுந்தது. கீழே கிடந்த ஸ்பீக்கர் பெட்டியின் முனையில் தாடை இடித்தது. கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. பிள்ளையின் வாய் பெரிதாகத் திறந்தது, சத்தம் வரவில்லை, ஹெட்ஃபோனில் வயலின் வந்துகொண்டிருந்தது. சிராஜ் பாயும் ஹெட்ஃபோனில் இருந்தார், அவருக்கும் கேட்கவில்லை. ஜெசிந்தாவின் மூச்சு அரை நொடி நின்றது. பிறகு, பாடினாள். டேக் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் நான்கு வரி. நிறுத்தினால் முதலிலிருந்து போக வேண்டும், பிள்ளையைக் கூட்டி வந்ததே தப்பு என்பார்கள், நாளைக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். இதையெல்லாம் யோசித்தாளா? யோசிக்கவில்லை, வாய் பாடிற்று. பிள்ளையின் கழுத்தில் ரத்தம் வழிவதைப் பார்த்துக்கொண்டே நான்கு வரியையும் சுருதி விலகாமல், தாளம் தவறாமல், ஒரு இடறல்கூட இல்லாமல் பாடி முடித்தாள். முடித்துவிட்டுத்தான் கையைக் காட்டினாள். கட்டிலிலிருந்து விழுந்தாய் என்று மெர்லினிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அருளப்பனிடமும் அதேதான். இடறல் என்னுடையது என்று சொன்னால் அந்த நான்கு வரியும் என்னுடையது என்று சொல்லியாக வேண்டும். பாட்டில் அந்த நான்கு வரியை யாரும் புகழ்ந்ததில்லை. அவ்வளவு நேராக இருக்கும்.

மைக் மெர்லினிடம் வந்துவிட்டது. அவள் கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தினாள். மேலே தொங்கிய விளக்கின் வெளிச்சம் தாடைக்கு அடியில் விழுந்து தழும்பைக் காட்டியது. 'மூடாத ஜன்னலில் யார்', நின்றது, 'பேரைச் சொல்வேன்.' கூடம் முழுக்கச் சொடுக்கியது. நிருபமாவே சொடுக்கினாள். இதுவரை பாடியவர்களில் இவளுக்குத்தான் அது அப்படி வந்தது. தழும்புக்கு இரண்டு விரல்கடை உள்ளே இருக்கிற தொண்டையிலிருந்து வந்தது. மெர்லின் சிரித்துக்கொண்டே மைக்கை அம்மாவிடம் நீட்டினாள். ஜெசிந்தா வாங்கினாள். இரும்பு ஜில்லென்றிருந்தது. பாடினாள். 'மூடாத ஜன்னலில்' என்கிற இரண்டு சொல்லிலேயே கூடத்தில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், அது அவளுக்குத் தெரிந்தது. முக்காலியிலிருந்து நிருபமாவும் தலையைத் திருப்பினாள். 'யார்' என்று நீட்டி, அந்த இடத்துக்கு வந்து, நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. பிடுங்கிப் போட்டது பிடுங்கிப் போட்டதுதான். குரல் தானாக நேரே போய்விட்டது. பதறிப்போய் அதைப் பிடித்து இழுத்தாள், காலம் தப்பி 'பேரை'க்குள் ஒன்று வந்து விழுந்தது, வந்ததும் நிருபமாவின் டிவிப் பாட்டில் கேட்கிற மாதிரிதான் வந்தது, அதுவும் அரைகுறையாக. அதை முதலில் பிடித்தது ஜெசிந்தாவின் காதுதான். யாரோ ஒருத்தி நிருபமாவை காப்பி பண்ணுகிறாள் என்றது. "பரவால்லம்மா" என்றாள் நிருபமா, அன்பாக, நிஜமான அன்போடு. "அந்த எடம் கொஞ்சம் கஷ்டந்தான். எனக்கே சில நாள் வராது. ஆனா குரல் எவ்வளவு நல்லாருக்கு! பாட்டுக் கத்துக்கிட்டீங்களாம்மா?" ஜெசிந்தா, "சர்ச்சுல பாடுவேன்" என்றாள். மெர்லின் விடுவாளா. எட்டி மைக்கில் வாயை வைத்து, "மேம், எங்கம்மா சினிமாவுக்கு ட்ராக் பாடியிருக்காங்க மேம், பத்து வருஷம்!" என்றாள். பெருமை பொங்கியது அவளுக்கு. நிருபமா நிமிர்ந்தாள். ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்தாள், மற்றவர்களைப் பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக. "அப்படியா? யாருக்குப் பாடியிருக்கீங்க?" என்றாள். கூடத்தில் அறுபது பேரும் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். உங்களுக்கு. ஆறே எழுத்துக்காகப் பத்தொன்பது வருஷம் காத்திருந்தவள், பக்கத்தில் நிமிர்ந்திருந்த தாடையைப் பார்த்தாள், அந்த வெளுத்த கோட்டைப் பார்த்தாள். "நெறைய பேருக்கு" என்றாள். "ட்ராக் பாடுறவங்க இல்லன்னா நாங்க ஏதும்மா" என்றாள் நிருபமா, கையைக் குவித்தாள். எல்லாரும் சொடுக்கினார்கள், மற்ற எவருக்கும் சொடுக்கியதைவிட அதிகமாகவே சொடுக்கினார்கள். தாடிக்காரன் குனிந்து மைக்கை வாங்கி அடுத்த நாற்காலிக்குக் கொடுத்தான்.

வெளியே வரும்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. கைபேசிப் பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கூட்டம் ஒவ்வொருவராகச் சுழல்படியில் இறங்கியது. மெர்லின் முன்னால், ஜெசிந்தா ஒரு படி பின்னால். "நான் எவ்வளவு நல்லாப் பாடினேன்ல? அவங்களே சொடுக்கினாங்க, பாத்தியா? உனக்கும் வந்திருக்கும்மா, நீ டென்ஷனாயிட்ட" என்று மெர்லின் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே இறங்கினாள். ஜெசிந்தா உம் கொட்டினாள். இப்போதாவது சொல்லலாம். கீழே போய்ச் சொல்லலாம். ஆட்டோவில் சொல்லலாம், இருட்டில் முகம் தெரியாது. சொல்லவே மாட்டாள் என்பது அவளுக்கே தெரிந்துதான் இருந்தது. கோழை, நீ கோழை, அவள் திருடி என்றால் நீ அதைவிடக் கேடு கெட்டவள் என்று தன்னையே வைதுகொண்டு ஒவ்வொரு படியாகக் காலை வைத்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மெர்லினின் புதுக் குதிகால் படியின் இரும்புச் சல்லடையில் மாட்டியது. பேசிக்கொண்டிருந்தவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். இடுப்புக்குக்கூட வராத கைப்பிடி. ஜெசிந்தாவின் தொண்டையில் மூச்சு மோதி நின்றது. அதே சத்தம். ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை, சுழல்படியில் மேலும் கீழும் போய்த் திரும்பி வந்தது. கை அதற்குள் மெர்லினின் முழங்கையைப் பிடித்துவிட்டிருந்தது. நடுவில் கண்ணாடி இல்லை. மெர்லின் சமாளித்து நின்றுகொண்டு, மாட்டின செருப்பைக்கூட எடுக்காமல், கண் விரிய அம்மாவைப் பார்த்தாள். "அம்மா! இப்ப வந்துச்சு பாரு! அய்யோ, அப்படியே நிருபமா மாதிரியேம்மா, அச்சு அசல்! இத மேல பாடியிருக்கக் கூடாதா நீ?" என்று சிரித்தாள். தழும்பு நீண்டது. மேலே படியில் நின்றவர்கள் வழிக்காகக் காத்திருந்தார்கள். ஜெசிந்தா பிடித்த கையை விடவில்லை.

"ஏட்டி, படியப் பாத்து எறங்கு" என்றாள்.